வியாழக்கிழமைப் பந்தி

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இந்த நோட்டு நானாக ஆசைப்பட்டு வாங்கியதல்ல. சேந்தனுக்குப் பந்து எறியச் சொல்லித் தருகிற பிராட் கொடுத்தது. அட்டையில் கழுகு படம். முதல் பக்கத்தில், ‘ஒரு குவார்ட்டர்பேக்கை உருவாக்குவது குடும்பம், குடும்பத்தின் தலைமை ஆதரவாளர் தவறாமல் எழுத வேண்டும்’ என்று அச்சடித்திருக்கிறது. தலைமை ஆதரவாளர் நான்தானாம். சமைத்து, துவைத்து, வண்டி ஓட்டுகிறவளுக்கு இப்படியும் ஒரு பட்டம். மாதம் ஒருமுறை பிராட் வாங்கிப் புரட்டிப் பார்ப்பாராம். தாராளமாகப் பார்க்கட்டும், அதற்காகத்தான் தமிழில் எழுதுகிறேன்.

தமிழ் தெரிந்த யாராவது கையில் இது கிடைத்தால்: என் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் ஆறு வருஷம் கணக்கு நடத்தினேன். பதினெட்டு வருஷமாக டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே குடித்தனம். வீட்டுக்காரர் திருமேனிக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசினால் அதிகம். ஒரே மகன் சேந்தன், பதினாறு வயது, பள்ளிக்கூட ஃபுட்பால் அணியின் குவார்ட்டர்பேக்.

இந்த ஊர் ஃபுட்பாலில் காலுக்கு வேலையே இல்லை. முட்டை மாதிரி ஒரு பந்து. அதை வாங்கி, நம் ஆள் எவன் எங்கே ஓடுகிறான் என்று மூன்று நொடிக்குள் பார்த்து, அவன் கைக்குப் போய்ச் சேருகிற மாதிரி எறிகிறவன்தான் குவார்ட்டர்பேக். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரே ஸ்டேடியத்தில் உட்கார்ந்து அவன் கையைத்தான் பார்க்கும். என் மகன் கையை!

இது பதினோராம் வகுப்பு. கல்லூரி அணிக்காரர்கள் வந்து பார்க்கிற வருஷம். இந்த வருஷம் அந்த இடத்தை விட்டால் அப்புறம் கிடையாது. அதனால் எறிவதற்குப் பிராட், கால் எடுத்து வைப்பதற்கு ஒரு கோச், கண்ணை ஓட்டுவதற்கு ஒரு கோச் என்று மூன்று பேரை வைத்திருக்கிறேன். “பள்ளிக்கூடத்துலயே மர்ஃபின்னு ஒரு கோச் இருக்காரே” என்றார் இவர். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இருக்கிறார் என்று நாம் டியூஷன் போகாமல் இருந்தோமா? பிளஸ் டூவில் ஃபிசிக்ஸுக்கு மட்டும் மூன்று டியூஷன் போனவள் நான்.

ஆகஸ்ட் 29, வியாழன்

இடுப்பு கழன்றுவிட்டது.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. மேட்சுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, முன்வரிசைப் பையன்கள் ஐந்து பேருக்கும் குவார்ட்டர்பேக் வீட்டில் சாப்பாடு. குவார்ட்டர்பேக்கைத் தள்ளிச் சாய்க்க எதிரணியில் நாலைந்து தடியன்கள் பாய்ந்து வருவார்கள் இல்லையா, அவர்களை மறித்துக்கொண்டு முன்னால் நிற்கிற ஐந்து பேர் இவர்கள். பந்தைத் தொட மாட்டார்கள், ஓட மாட்டார்கள், பேப்பரில் பெயர் வராது. தள்ளுவதுதான் வேலை. சாப்பிடுவது உபவேலை.

மூன்று தட்டு சிக்கன், ஒரு அண்டா எலுமிச்சை சாதம், நாற்பது சப்பாத்தி. அண்டாவைக் கழுவ வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. டெவான் என்று ஒருவன், வரிசையில் இடது ஓரம் நிற்பவன், நூற்று முப்பது கிலோ இருப்பான். உட்கார்ந்தால் நாற்காலி முனகுகிறது. ஆனால் மரியாதையான பையன். “மேம், இந்த மஞ்சள் சோறு இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?” என்று எழுந்து நின்று கேட்கிறான்.

சாப்பிட்டு முடித்ததும் சேந்தன் மேஜையைத் துடைத்துவிட்டு, டெவானுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தான். ஒன்றரை மணி நேரம்! கண் கோச் கொடுத்த அட்டைப் பயிற்சி அப்படியே கிடக்கிறது. டெவானுக்கு ஒரு எண்ணை அந்தப் பக்கம் கொண்டுபோனால் குறி மாறும் என்பதே தெரியவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே பல்லைக் கடித்தேன். இவனுக்கு ஏன் இந்த வேலை?

ஆகஸ்ட் 30, வெள்ளி

ஜெயித்தோம். சேந்தன் மூன்று டச்டவுன் எறிந்தான். டச்டவுன் என்றால் இந்த ஊர் கோல். ஒரு பந்து அறுபது கெஜம் போனது. அவன் முழங்கை வளைவைப் பார்க்க வேண்டுமே! எல்லாம் பிராட் சொல்லிக்கொடுத்தது. என் தொண்டை போய்விட்டது.

செப்டம்பர் 5, வியாழன்

ஐந்து பேர். எழுபத்திரண்டு பூரி. வேறு எழுதத் தெம்பில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

மனசுக்கும் ஒரு கோச் கிடைத்துவிட்டார்! ஐந்து மாதம் காத்திருந்தது வீண்போகவில்லை. பெயர் டாக்டர் சிண்டி. எதில் டாக்டர் என்று இவர் கேட்டார். எல்லாவற்றையும் நோண்டிக்கொண்டிருக்க முடியுமா? ஒரே சிக்கல், அவருக்கு வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணி மட்டும்தான் ஒழிவு.

சேந்தனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“அப்ப வியாழக்கிழமைச் சாப்பாடு?”

“சாப்பாட்டுக்கு என்ன? அவங்கவங்க வீட்டுல அடுப்பு இல்லையா?”

“அது சாப்பாட்டுக்காக இல்லம்மா.”

“பின்ன எதுக்கு? கணக்கு டியூஷனுக்கா? டெவான் பாஸானா உனக்கு என்ன மெடலா குத்துவாங்க?”

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா டிவியைப் பார்த்தார். சரி என்று மாடிக்குப் போய்விட்டான். நல்ல பிள்ளை, எதிர்த்துப் பேச மாட்டான்.

செப்டம்பர் 12, வியாழன்

டாக்டர் சிண்டி அருமையான மனுஷி. கண்ணை மூடிக்கொண்டு, ‘நான் தனி மரம், காற்று என்னை அசைக்காது’ என்று ஐம்பது தடவை சொல்லச் சொன்னார். சேந்தன் சொன்னான். வரும்போது வண்டியில் ஒன்றுமே பேசவில்லை. மனம் அமைதியாகிவிட்டது போல.

செப்டம்பர் 13, வெள்ளி

ஜெயித்தோம். பூரி சுடாமலே ஜெயிக்கலாம் என்று ஆகிவிட்டதா இல்லையா? இவரிடம் சொன்னேன். “ம்” என்றார்.

செப்டம்பர் 30, திங்கள்

டெவான் அல்ஜீப்ராவில் ஃபெயில். அறுபத்தொன்று. எழுபது வேண்டும். டெக்சாஸில் ஒரு பாடத்தில் ஃபெயிலானாலும் விளையாட விடமாட்டார்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி மார்க் பார்ப்பார்களாம், அதில் தேறினால்தான் உண்டு. நல்ல சட்டம்தான். நம் ஊரில் இப்படி ஒன்று வைத்தால் பாதி அணி வீட்டில் இருக்கும்.

சேந்தன் முகம் செத்துப்போய் வந்தான். “இடது பக்கம் வேற ஆள் நிப்பான்ல?” என்றேன். “நிப்பான்மா, நிக்க மட்டும்தான் செய்வான்” என்றான். இந்த வயதில் இவ்வளவு எகத்தாளம் கூடாது.

அக்டோபர் 4, வெள்ளி

தோற்றோம். ஏழு தடவை கீழே தள்ளினார்கள். பந்து கையில் இருக்கும்போதே. சேந்தன் வலது கையால் எறிகிறவன், இடது பக்கமாக வருகிறவன் அவன் முதுகுக்குப் பின்னால் வருகிறான், கண்ணுக்குத் தெரியாது. ஒரு தடவை விழுந்து எழுந்திருக்க நேரமாயிற்று. பந்தைக் கீழே விடவில்லை, அதைச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 5, சனி

நாலு கோச்சுகளுக்கும் வீடியோ அனுப்பினேன். பிராட் சொன்னது: முழங்கை இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. கால் கோச் சொன்னது: முழங்கை சரிதான், பின்கால் தாமதம். கண் கோச் சொன்னது: காலில் குற்றமில்லை, வலது பக்கமே பார்க்கிறான். டாக்டர் சிண்டி சொன்னது: உள்ளே மரம் ஆடுகிறது. நாலையும் ஒரு தாளில் எழுதிக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டினேன். பல் தேய்க்கும்போது படிக்கட்டும்.

“அந்த எடது பக்கத்துப் பையன் வழி விட்டுட்டானே” என்றார் இவர். எனக்கு வந்ததே கோபம். பரீட்சையில் மார்க் குறைந்தால் பெஞ்சு ஆடியது என்று சொல்வதா?

அக்டோபர் 7, திங்கள்

சேந்தனுக்குச் சோம்பேறித்தனம் ஏறிவிட்டது. டி-ஷர்ட் வேண்டாம், பட்டன் வைத்த சட்டைதான் வேண்டும் என்கிறான். கீழே விழுந்த சாக்ஸைக்கூடக் குனிந்து எடுப்பதில்லை. படுக்கையை விட்டுவிட்டு ஹாலில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறான். டிவி பார்க்க வசதி பாருங்கள்.

அக்டோபர் 9, புதன்

இவர் அதிசயமாக ஒரு ஜோக் அடித்தார். நானே சிரித்துவிட்டேன். சேந்தன் மேஜையைப் பிடித்துக்கொண்டு, “சிரிக்க வைக்காதப்பா” என்றான். அப்பா மேல் அப்படி என்ன கோபமோ. தும்மல் வந்தாலும் மூக்கை இறுக்கி அடக்குகிறான். டாக்டர் சிண்டி கற்றுக்கொடுத்த கட்டுப்பாடாக இருக்கும்.

அக்டோபர் 11, வெள்ளி

ஒன்பது தடவை சாய்த்தார்கள். பாதியில் மர்ஃபி இவனை உட்கார வைத்துவிட்டு ஓவன் என்ற பத்தாம் வகுப்புப் பையனை இறக்கினார். என் மகன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். ஸ்டேடியம் முழுக்கப் பார்க்கிறது.

அக்டோபர் 12, சனி

மர்ஃபிக்கு மெயில் எழுதினேன். நாலு பக்கம். இரண்டு கிராஃப். சேந்தன் சராசரி எவ்வளவு, ஓவன் சராசரி எவ்வளவு, எல்லாம் போட்டேன். பதில் ஒரே வரியில் வந்தது: ‘மேடம், பையனை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள், அவன் என்னிடம் ஒன்றுமில்லை என்கிறான்.’ டாக்டரிடம்தானே வாராவாரம் போகிறோம்!

அக்டோபர் 14, திங்கள்

சாயங்காலம் நாலு மணிக்கு மணி அடித்தது. கதவை மறைத்துக்கொண்டு டெவான். கையில் என் பழைய டிபன் டப்பா. எப்போதோ மஞ்சள் சோறு கொடுத்தனுப்பியது. கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தான். சேந்தன் வீட்டில் இல்லை, கால் கோச்சிடம் போயிருந்தான். டெவான் பேசியது இங்கிலீஷில், நான் எழுதுவது என் பாஷையில்.

“மேம், நான் இதச் சொன்னா சேன் என்னோட பேச மாட்டான்.” அவர்களுக்கு இவன் சேன். “அவனுக்கு மூச்சு இழுத்தா விலா குத்துது. நான் இல்லாத அந்த மொத மேட்ச்லேர்ந்து. ஹெல்மெட்டால இடிச்சாங்க. எங்க அஞ்சு பேர் கிட்டயும் சத்தியம் வாங்கிட்டான். நான் இப்ப அணியில இல்ல. அதனால என் சத்தியம் செல்லாதுன்னு நெனக்கிறேன்.”

“யாருக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம்? மர்ஃபிக்கா?”

டெவான் தன் ஷூவைப் பார்த்தான். அந்த உடம்பை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று தெரியாமல் நின்றான்.

“இல்ல மேம். உங்களுக்கு.”

அக்டோபர் 15, செவ்வாய்

எக்ஸ்ரே எடுத்தோம். இடது பக்கம் இரண்டு விலா எலும்பில் கீறல். ஆறேழு வாரம் பந்தைத் தொடக் கூடாது.

அக்டோபர் 16, புதன்

பட்டன் சட்டை. சாய்வு நாற்காலி. தும்மல். எல்லாவற்றையும் நானே என் கையெழுத்தில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். பாவி. கணக்கு வாத்தியாராம்! மூன்று விவரம் கொடுத்தும் விடை போடத் தெரியவில்லை.

“ஏன்டா எங்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன்.

“சொன்னா நீ இன்னொரு கோச் புடிப்ப” என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். நான் பாத்ரூமுக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். கண்ணாடியில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. கிழித்தேன். பசை போகவில்லை, நாளைக்குச் சுரண்ட வேண்டும்.

பிராட்டுக்கு விஷயத்தைச் சொன்னேன். விலா எலும்பு தன் துறையில் வராது என்றார். ஆறு வாரம் சேந்தன் வரமாட்டான் என்றால் அந்த நேரத்தை ஓவனுக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார்.

அக்டோபர் 17, வியாழன்

சேந்தன் என்னைக் கேட்காமலே டெவானைச் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டான். அடுத்த வியாழக்கிழமை அவனுக்குப் பரீட்சை. அதில் தேறினால் நவம்பர் ஒன்றாம் தேதி மேட்சில் இடது பக்கம் அவன் நிற்கலாம். இவனுக்கு விலா வலியில் நீளமாகப் பேச முடியவில்லை. அதனால் அம்மா சொல்லிக்கொடுப்பாள் என்று வாக்குக் கொடுத்துவிட்டானாம்.

“எங்கம்மா காலேஜ்ல கணக்கு நடத்துனவங்கன்னு சொல்லிட்டேன்.”

“நீயே விளையாடல. இப்ப டெவான் வந்து யாருக்குக் காவல் நிக்கணும்? ஓவனுக்கா?”

“ஆமா.”

“அவன் நல்லா எறிஞ்சான்னா உன் எடம் அவனுக்குப் போயிரும்டா. அப்புறம் மர்ஃபி உன்னத் திரும்பிப் பாப்பாரா? காலேஜ்காரங்க யாரப் பாப்பாங்க? யோசிச்சியா?”

“யோசிச்சேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். “அவனுக்கும் விலா இருக்கும்மா.”

அவன் அப்பா டிவியை அணைத்துவிட்டார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

டெவான் ஃபெயிலானால் ஓவன் அடி வாங்குவான். ஓவன் அடி வாங்கினால் என் மகன் இடம் அப்படியே இருக்கும். இதை எழுதக் கூடாது. தமிழில்கூட எழுதக் கூடாது. ஆனால் வெங்காயம் நறுக்கிக்கொண்டு நின்ற பத்து நிமிஷமும் இதைத்தான் நினைத்தேன்.

ஆறு மணிக்கு டெவான் வந்தான். தலை வலிக்கிறது, இன்னொரு நாள் வா என்று சொல்லி அனுப்பிவிடுவது என்று முடிவு செய்து, கையைத் துடைத்துக்கொண்டு போனேன். நோட்டைத் திறந்து வைத்திருந்தான். மூன்றாவது வரியில் மைனஸ் ஏழை அந்தப் பக்கம் கொண்டுபோய் மறுபடி மைனஸ் ஏழு என்றே எழுதியிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

“டெவான், இந்தச் சமக் குறி இருக்கு பாரு, இதுதான் நீ மேட்ச்ல நிக்கிற கோடு. இந்தப் பக்கம் நம்ம ஆளுங்க, அந்தப் பக்கம் எதிரி. கோட்டத் தாண்டி அந்தப் பக்கம் போனவன் சட்ட மாறிரும். மைனஸ் ப்ளஸ் ஆயிரும். புரியுதா?”

அவன் நோட்டையே பார்த்தான். என்னைப் பார்த்தான். “இத ஏன் யாரும் எனக்கு முன்னாடியே சொல்லல?” என்றான்.

ஒன்பது மணி வரைக்கும் போட்டோம். தலைவலி என்று சொல்ல நினைத்தது எட்டு மணிக்குத்தான் ஞாபகம் வந்தது.

அக்டோபர் 18, வெள்ளி

மேட்சுக்குப் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். சேந்தன் அணியோடு இருக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டான். வண்டி ஓட்ட நான்தானே.

இன்றைக்கு என் பிள்ளை விளையாடவில்லை. பந்தைப் பார்க்கிற அவசியமும் இல்லை. இடது ஓரத்தை மட்டும் பார்த்தேன். அட ராமா! டெவான் இடத்தில் நிற்கிற அந்த ஒல்லிப் பையனைக் கதவைத் திறப்பது மாதிரி திறந்துகொண்டு வருகிறார்கள். ஓவன் எட்டுத் தடவை விழுந்தான். எட்டுத் தடவையும் ஓவனுடைய அம்மா கெல்லி, “ஓவன், முழங்கை! முழங்கைய ஏத்து!” என்று கத்தினாள். பிராட் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எனக்கு அவளைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் அதே படியில் அதையேதான் நான் கத்தினேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

டெவான் காலையில் பத்து மணிக்கு வந்தான். இரண்டு அடைப்புக்குறியைப் பெருக்குவது. அவன் தானாகவே, “முன்வரிசையில ஒவ்வொருத்தனும் எதிர்ல இருக்கற ஒவ்வொருத்தனயும் ஒருதடவ தொடணும், அப்படித்தான மேம்?” என்றான். ஆறு வருஷம் காலேஜில் நடத்தியபோது ஒருத்தன் இப்படிக் கேட்டதில்லை. உருளைக்கிழங்கு பொரியல் செய்து போட்டேன். சேந்தன் சாய்வு நாற்காலியிலிருந்தே, “அம்மா, எனக்கு இப்படிப் பொறுமையா ஒரு நாளாச்சும் சொல்லிக்குடுத்திருக்கியா?” என்றான். வாயை மூடுடா என்றேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

டாக்டர் சிண்டி ஃபோன் செய்தார். போன வாரம் ஏன் வரவில்லை, மரம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். மரத்துக்கு இரண்டு இடத்தில் விரிசல், கட்டுப்போட்டிருக்கிறோம் என்றேன். வியாழக்கிழமை இனி ஒழிவில்லை என்றும் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 25, வெள்ளி

எண்பத்தொன்று!

டெவான் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். நான் முதலில் தப்புகளைத்தான் பார்த்தேன், வாத்தியார் புத்தி. ஒரு கூட்டல் தப்பு. குறி ஒன்றுகூடத் தப்பில்லை. “குனிடா” என்றேன். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் குனிந்தான். தலையில் தட்டிக் கொடுத்தேன். எட்டவில்லை என்பதால்தான் குனியச் சொன்னேன்.

நவம்பர் 1, வெள்ளி

டெவான் இடது பக்கம் நின்றான். ஓவன் நாலு டச்டவுன் எறிந்தான். ஒரு தடவைகூட விழவில்லை. அணி ஜெயித்தது. ஸ்டேடியம் ஓவன், ஓவன் என்று அலறியது. நான் மட்டும் டெவான், டெவான் என்று கத்தினேன். முன்படியில் இருந்த ஒருவர் திரும்பி, “பந்து அந்தப் பக்கம் இருக்கு மேடம்” என்றார்.

சந்தோஷம்தான். பொய் சொல்லவில்லை. ஆனால் நாலாவது டச்டவுனுக்கு சேந்தன் கைதட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றதையும் பார்த்தேன். அவன் இடம் போய்விட்டது. என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நவம்பர் 3, ஞாயிறு

பிராட் ஒரு வீடியோ போட்டிருக்கிறார். ஓவனின் நாலு எறியும் அதில் இருக்கிறது. ‘இரண்டே வாரத்தில் முழங்கையில் செய்த மாற்றம்’ என்று தலைப்பு. டெவான் அந்த வீடியோவில் எங்கும் இல்லை, வெட்டிவிட்டார். முட்டி மட்டும் ஒரு ஓரத்தில் தெரிகிறது.

மத்தியானம் கெல்லி ஃபோன் செய்தாள். பாவம், குரலே நடுங்குகிறது. கல்லூரிக்காரர் ஒருவர் ஓவனை விசாரித்தாராம். “உங்களுக்கு எல்லா கோச்சையும் தெரியும்ல? கால், கண், மனசு, எல்லார் நம்பரும் அனுப்புங்க, ஒண்ணையும் விட்டுறக் கூடாது” என்றாள்.

ஒரு நிமிஷம் அனுப்பிவிடலாமா என்றுதான் நினைத்தேன். நாலு பேரும் சேர்ந்து ஓவனைப் பிடித்தால் மூன்று வாரத்தில் அந்தப் பையனுக்குப் பந்தை எந்தக் கையில் பிடிப்பது என்றே மறந்துபோகும். என் மனம் எவ்வளவு வேகமாகக் கணக்குப் போடுகிறது பாருங்கள்.

அனுப்பவில்லை. டெவானிடம் கேட்டுவிட்டு அவனுடைய எண்பத்தொன்றை ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். கீழே, ‘வியாழக்கிழமை ஆறு மணிக்கு ஓவனை அனுப்பு, வரும்போது நாற்பது ரொட்டி வாங்கிக்கொண்டு நீயும் வா’ என்று எழுதினேன். மூன்று கேள்விக்குறி மட்டும் பதிலாக வந்தது.

நவம்பர் 7, வியாழன்

பந்தியில் ஏழு பேர். முன்வரிசை ஐந்து, ஓவன், சேந்தன். கெல்லி அண்டாவைப் பார்த்து வாயில் கை வைத்தாள். சாப்பிட்டபின் எல்லாருக்கும் கணக்கு. ஓவனும் அல்ஜீப்ராவில் ஒன்றும் பெரிய புலி இல்லை என்று தெரிந்தது, கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இவர் சப்பாத்தி தேய்த்துக் கொடுத்தார். எல்லாம் ஆஸ்திரேலியா மேப்.

நவம்பர் 15, வெள்ளி

நாக்அவுட் முதல் சுற்று. ஜெயித்தார்கள். ஜெயித்தோம் என்றே எழுதலாம் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 26, செவ்வாய்

எலும்பு கூடிவிட்டது, விளையாடலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். நிஜ டாக்டர். மர்ஃபி சேந்தனைக் கூப்பிட்டு, ஓவன்தான் தொடர்ந்து விளையாடுவான், நீ அவனுக்கு அடுத்த ஆளாகத் தயாராக இரு என்றாராம். வந்து சாதாரணமாகச் சொல்லிவிட்டு, சோறு போடு என்றான்.

எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. மர்ஃபிக்கு மெயில் எழுதினேன். ஏழு பக்கம். முதல் நாலு மேட்சில் டெவான் இருந்தபோது சேந்தன் எவ்வளவு, இப்போது டெவான் இருக்கும்போது ஓவன் எவ்வளவு, ஒப்பிட்டுப் பார்த்தால் என் மகன்தான் மேல். கணக்கு சுத்தமாக இருக்கிறது. யாரும் மறுக்க முடியாது.

சேந்தன் பின்னால் நின்று முழுக்கப் படித்தான்.

“கணக்கு சரிதாம்மா” என்றான். “அனுப்பாத.”

“ஏன்டா? உனக்கு ஆசையில்லயா?”

“இருக்கு.” இந்த இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவன் அழுது பார்த்தேன். “ரொம்ப இருக்கு. ஆனா கீழ விழும்போதெல்லாம் வலிக்குதுன்னு நெனக்க மாட்டேம்மா. அம்மா பாக்குறாங்களேன்னுதான் நெனப்பேன்.”

மெயிலை அழித்துவிட்டேன்.

நவம்பர் 29, வெள்ளி

மூன்றாம் சுற்று. விடுமுறை நாள் என்பதால் மத்தியானமே மேட்ச். நல்ல வெயில். ஓவன் பிரமாதமாக எறிந்தான். முப்பத்தெட்டுக்குப் பத்து. ஆட்டம் முடிய இன்னும் இரண்டு நிமிஷம்கூட இல்லை. மர்ஃபி திரும்பிப் பார்த்து சேந்தன் தோளில் தட்டினார். சேந்தன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினான்.

நான் இவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். விடவே இல்லை. இப்போதும் நகக் குறி இருக்கிறது, காட்டினார்.

ஐந்து பேரும் வரிசையாகக் குனிந்தார்கள். இடது ஓரத்தில் டெவான். நடுவில் இருந்தவன் பந்தைப் பின்னால் கொடுத்தான். சேந்தன் வாங்கினான். எறியவில்லை. ஓடவில்லை. அப்படியே ஒரு முட்டியை மண்ணில் ஊன்றினான். விசில் அடித்துவிட்டார்கள்.

எனக்குப் பதறிப்போயிற்று. கெல்லிதான் சொன்னாள், ஜெயிப்பது உறுதியாகிவிட்டால் இப்படித்தான் செய்வார்களாம். பந்தை வாங்கி முட்டி போட்டால் நேரம் ஓடிவிடும், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். நான் பாடம் நடத்திய காலத்தில் வீட்டுப்பாடம் செய்யாதவனைத்தான் முட்டி போடச் சொல்வேன். இங்கே ஜெயித்தவன் போடுகிறான்.

இரண்டாவது தடவையும் போட்டான். மூன்றாவது தடவையும். முழங்கையை எந்த உயரத்தில் வைப்பது, பின்காலை எப்போது எடுப்பது, கண்ணை எங்கே ஓட்டுவது, மரம் ஆடுகிறதா இல்லையா, ஒன்றுக்கும் அதில் வேலை இல்லை. எதிரணித் தடியன்கள் டெவானைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள்.

நான் எழுந்து நின்று கத்தினேன். கெல்லி என் கையைப் பிடித்து, “ஏன் அழற? அவன் முட்டிதான போட்டான்?” என்றாள். அவளுக்கு எப்படிச் சொல்வது?

முடிந்ததும் படியெல்லாம் இறங்கி வேலிக்கு ஓடினேன். சேந்தன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்தான். ஒரு வேர்வைத் துளி இல்லை, சட்டையில் மண் இல்லை, முட்டியில் மட்டும் கொஞ்சம் புல்லின் பச்சை.

“எப்படிம்மா இருந்துச்சு?” என்றான்.

“யாரும் உன்மேல கை வைக்கலடா” என்றேன்.